பெங்களூரு தெருக்களைக் கொண்டு கிராஃப் உருவாக்கும் மாடல்: டேட்டா எடுப்பது முதல் மாதிரி சோதிப்பது வரை

கிராஃப் என்பது நோடுகளும் (புள்ளிகள்) அவற்றை இணைக்கும் எட்ஜ்களும் (கோடுகள்) சேர்ந்த வலை. அத்தகைய கிராஃப்களைப் புதிதாக உருவாக்கும் மாடலில் கை வைக்கும் பலர் முதலில் மாடலை எழுதுகிறார்கள். அது தரும் படங்களைப் பார்த்து நம்பிக்கை கொள்கிறார்கள். அளவிடும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. ஒரு முகத்தின் படத்தில் மூக்கு கோணலாக இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். ஐம்பது நோடுகளும் எழுபத்தைந்து எட்ஜ்களும் உள்ள ஒரு கிராஃப் சரியா தவறா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே அளவுகோலை முதலில் செய்ய வேண்டும். அந்த அளவுகோலையே சோதித்துப் பார்க்க வேண்டும். மாடல் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாகப் பெங்களூருத் தெருக்களை எடுத்துக்கொள்வோம். இத்துறையின் வழக்கமான டேட்டா மூலக்கூறுகள்தான். ஆனால் வேதியியல் தெரியாதவருக்கு, உருவான மூலக்கூறு அபத்தமா இல்லையா என்று யோசிக்கவே வழியிருக்காது. தெருவைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒரு உள்ளுணர்வு இருக்கிறது. மல்லேஸ்வரத்தின் கட்டம் போட்ட கிராஸ்கள், அல்சூர், சிவாஜிநகரின் நெளிந்த சந்துகள், பெல்லந்தூர் பக்கம் முளைத்த லேஅவுட்கள் என்று மூன்று வேறு இயல்புகள் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. டேட்டா இலவசம். இதில் நேரும் சிக்கல்கள் அனைத்தும் மற்ற கிராஃப்களுக்கும் பொருந்தும்.

தேவையானவை: பைத்தான், பைடார்ச், நெட்வொர்க்எக்ஸ், யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்களை இறக்கும் ஓஎஸ்எம்என்எக்ஸ் நூலகம், 12 முதல் 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரு ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு). கூகுள் கோலாப் தரும் டி4 கார்டு 16 ஜிபி. இந்த வேலைக்குப் போதும். பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் வேகத்தைவிட நினைவகத்தைப் பாருங்கள். 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, அதைவிட வேகமான 8 ஜிபி கார்டைக் காட்டிலும் இங்கே பயன் தரும். காரணம் கீழே வரும்.

தெருவை வெட்டி எடுப்பது

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: சந்திப்புகளை நோடுகள், அவற்றுக்கு இடையிலான தெருக்களை எட்ஜ்கள் என்று கொண்டால், முழு ஊரின் தெரு வலை என்பது ஒரே ஒரு கிராஃப். ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்து எதையும் பயிற்ற முடியாது. ஊரைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கிராஃபாகக் கொள்ள வேண்டும். 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரத்தில் தொடங்குங்கள். நோடு எண்ணிக்கை 20-க்குக் குறைந்தாலோ 100-ஐத் தாண்டினாலோ அந்தத் துண்டை ஒதுக்குங்கள். நன்றாக வரையப்பட்ட 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 400 சதுரங்கள் கிடைக்கும். ஒதுக்கியது போக மிஞ்சுவது ஒரு நல்ல தொடக்க டேட்டா.

இறக்கும்போது வாகனம் செல்லும் சாலைகள் என்ற வகையைக் கேளுங்கள். இறக்கியதை உடனே கோப்பாகச் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு முறை நிரலை ஓட்டும்போதும் சர்வரைத் தொந்தரவு செய்தால் அது உங்களைத் தடுத்து நிறுத்தும். மேலும் நாளைக்கு யாரோ வரைபடத்தைத் திருத்தினால் உங்கள் டேட்டாவும் மாறிப்போகும். அட்சரேகை, தீர்க்கரேகையில் இருப்பதை மீட்டர் அளவுக்கு மாற்ற யுடிஎம் 43 வடக்கு மண்டலத்தைப் பயன்படுத்துங்கள், பெங்களூரு 77.59 பாகைக் கிழக்கில் அதற்குள்தான் வருகிறது.

அடுத்தது, தவறுகள் அதிகம் நடக்கும் இடம். அவுட்டர் ரிங் ரோடு போன்ற சாலை வரைபடத்தில் ஒரு கோடாக இருக்காது. போக ஒன்று, வர ஒன்று, இருபுறமும் சர்வீஸ் ரோடு என நான்கு இணைகோடுகள் இருக்கும். அதைக் குறுக்குத் தெரு ஒன்று வெட்டும் இடத்தில், மனிதக் கண்ணுக்கு ஒரே சந்திப்பு. கிராஃபில் நான்கு நோடுகள். இதை அப்படியே விட்டால் மாடல் பெங்களூரைக் கற்காது, வரைபடம் வரைந்தவர்களின் பழக்கத்தைக் கற்கும். அருகருகே உள்ள சந்திப்புகளை 10 முதல் 15 மீட்டர் எல்லைக்குள் ஒன்றாக்குங்கள். நூலகத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. எல்லையை 30 மீட்டருக்கு உயர்த்தினால் பழைய பகுதிகளின் குறுகலான சந்துகள் ஒன்றுடன் ஒன்று ஒட்டிக்கொண்டு மறையும். ஒட்டிய பின் அல்சூரின் ஒரு துண்டையும் ரிங் ரோட்டின் ஒரு துண்டையும் வரைந்து பார்த்து எல்லையை முடிவு செய்யுங்கள்.

பிறகு ஒருவழி அம்புகளை நீக்கி, ஒரே இரு நோடுகளுக்கு இடையே உள்ள இரட்டை எட்ஜ்களை ஒன்றாக்கி, தன்னிடமே திரும்பும் வளையங்களை நீக்குங்கள். இதனால் கொஞ்சம் தகவல் இழப்பு உண்டு; முதல் சுற்றில் அதை ஏற்கலாம். இப்போது ஒரு சோதனை: இரண்டே எட்ஜ் உள்ள நோடுகள் நிறைய இருக்கின்றனவா? இருந்தால், தெருவின் வளைவுகளில் உள்ள இடைப்புள்ளிகளை நீக்கும் எளிமையாக்கல் படி நடக்கவில்லை என்று பொருள்.

சதுரத்தின் ஓரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பது கடைசி முடிவை மாற்றிவிடும். ஓரத்தைத் தாண்டும் தெருவை வெறுமனே வெட்டி எறிந்தால், நான்கு தெரு கூடும் முக்கு மூன்றாகவோ இரண்டாகவோ குறைந்துவிடும். மாடலும் அந்தப் பொய்யைக் கற்கும். தெரு எல்லையைக் கடக்கும் புள்ளியில் ஒரு நோடு போட்டு, அதற்கு ‘வெட்டு முனை’ என்று வகை கொடுங்கள். ஆக, நோடு வகைகள் மூன்று: சந்திப்பு, முட்டுச்சந்து, வெட்டு முனை. எட்ஜ் நிலைகளும் மூன்று: எட்ஜ் இல்லை, பெரிய சாலை, சிறு தெரு. இந்த ஊரில் பெயர்ப்பலகையில் ‘5-வது மெயின்’ என்று இருப்பதெல்லாம் பெரிய சாலை அல்ல. பெயரை நம்பாமல் வரைபடத்தின் சாலைத் தரக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தனியார் சாலைகள் வாகனச் சாலை வகையில் வராது. காம்பவுண்டு போட்ட குடியிருப்புகள் அதிகம் உள்ள வைட்ஃபீல்ட் பக்கத்தில் வரைபடத்தில் பெரிய ஓட்டைகள் தெரிந்தால் அதற்குக் காரணம் இதுவே.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிப்பது

400 துண்டுகளையும் குலுக்கிப் போட்டுப் பிரிக்காதீர்கள். பக்கத்துச் சதுரங்கள் ஒரே தெருக்களின் தொடர்ச்சி. ஜெயநகர் 4-வது பிளாக்கின் ஒரு சதுரம் பயிற்சியிலும் அதன் பக்கத்துச் சதுரம் சோதனையிலும் இருந்தால், மாடல் ஏறக்குறைய விடையைப் பார்த்துவிட்டது. அதற்காக மல்லேஸ்வரம் முழுக்கப் பயிற்சி, அல்சூர் முழுக்கச் சோதனை என்று பிரித்தாலும் சரிவராது. அப்போது நீங்கள் அளப்பது வேறு கேள்வி.

நடுவழி: ஊரை 2 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 16 துண்டுகள் வரும். 100 சதுர கிலோமீட்டருக்கு 25 கட்டங்கள். அதில் 17 பயிற்சிக்கு, 3 சரிபார்ப்புக்கு, 5 சோதனைக்கு. முழுதாகக் கிடைத்தால் 272, 48, 80 துண்டுகள். பழைய கன்டோன்மென்ட், திட்டமிட்ட லேஅவுட், புதிய வளர்ச்சி என்ற மூன்று இயல்பும் மூன்று பங்கிலும் வருமாறு கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பட்டியலைக் கோப்பில் எழுதிவைத்து, அதற்குப் பின் தொடாதீர்கள்.

அளவுகோல்

முழு வேலையின் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

இத்துறையில் வழக்கமான முறை இது. உருவான கிராஃப்களின் தொகுதி, சோதனைக் கிராஃப்களின் தொகுதி இரண்டிலும் ஒவ்வொரு கிராஃபுக்கும் சில பரவல்களைக் கணக்கிட வேண்டும்: ஒரு நோடில் எத்தனை எட்ஜ் என்ற டிகிரிப் பரவல், கிளஸ்டரிங் கெழு, நான்கு நோடு கொண்ட சிறு வடிவங்களின் எண்ணிக்கை, லாப்லாசியன் என்ற அணியின் ஐகன் மதிப்புகள் (கிராஃபின் இணைப்பு அமைப்பைச் சுருக்கிச் சொல்லும் எண்கள்). பிறகு இரு தொகுதிகளுக்கும் உள்ள தூரத்தை எம்எம்டி என்ற அளவால் சொல்ல வேண்டும். 2018-இல் வந்த கிராஃப்ஆர்என்என் ஆய்வு இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது.

இதில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. எம்எம்டி-க்குள் ஒரு கெர்னலும் (இரண்டு பரவல்கள் எவ்வளவு ஒத்தவை என்று எண்ணாகச் சொல்லும் சார்பு) அதற்கு ஒரு சிக்மாவும் (எவ்வளவு விலகல் வரை ஒத்ததாகக் கொள்வது என்ற அளவு) உண்டு. சிக்மாவை மாற்றினால் எந்த மாடல் சிறந்தது என்ற வரிசையே மாறிவிடும் என்று 2022-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே சிக்மாவை வேலையின் தொடக்கத்தில் நிர்ணயித்து, எல்லா மாடலுக்கும் அதையே வைத்திருங்கள். இரண்டாவது, பரவலாகப் பயன்படும் எம்எம்டி கணக்கு மாதிரி எண்ணிக்கையைப் பொறுத்துச் சாய்வது. 40 கிராஃபுக்குக் கிடைத்த எண்ணை 400 கிராஃபுக்குக் கிடைத்ததோடு ஒப்பிடக் கூடாது.

தெருக்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிளஸ்டரிங் கெழு முக்கோணங்களை எண்ணுகிறது. கட்டம் போட்ட தெருவில் முக்கோணம் கிடையாது. அதன் கெழு சுழியம். கிளை பிரிந்து முட்டுச்சந்தில் முடியும் மர வடிவக் கிராஃபுக்கும் சுழியம்தான். மல்லேஸ்வரம் கேட்டதற்கு வெறும் மரத்தைக் கொடுக்கிற மாடல் இந்த அளவில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். பிரபலமான அளவு என்பதற்காக ஒன்றை அட்டவணையில் சேர்த்தால் இப்படி ஏமாற நேரும். நாற்கரங்களின் எண்ணிக்கையைச் சேருங்கள். அத்துடன் எட்ஜ் எண்ணிக்கையிலிருந்து நோடு எண்ணிக்கையைக் கழித்து, தனித்தனிக் கூறுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கிடைப்பது சுயேச்சையான வளையங்களின் எண்ணிக்கை. தெருக்கள் சூழ்ந்த பிளாக்குகள் ஏறக்குறைய எத்தனை என்பதை அது சொல்கிறது. இதற்கு மேல் முட்டுச்சந்து விகிதம், நாற்சந்தி விகிதம் ஆகியவையும் வேண்டும்.

பரவல்கள் போக, தனித்தனி கிராஃபுக்கான சரி–தவறு விதிகளும் வேண்டும். தெருத் துண்டுக்கு நான்கு விதிகள் போதும். முட்டுச்சந்து, வெட்டு முனை என்று வகை பெற்ற நோடில் ஒரே ஒரு எட்ஜ் இருக்க வேண்டும். சந்திப்பில் குறைந்தது இரண்டு. பெரும்பாலான நோடுகள் ஒரே கூறாக இணைந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் உண்மை டேட்டாவில் அளந்து வையுங்கள், ஓர வெட்டினால் உண்மைத் துண்டுகளும் சில சமயம் இரண்டாகப் பிரியும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் காகிதத்தில் வரைய முடிய வேண்டும். இந்தக் கடைசிச் சோதனை நெட்வொர்க்எக்ஸில் தயாராக உள்ளது. மேம்பாலம் உள்ள துண்டுகளில் உண்மை டேட்டாவே இதில் தவறலாம். ஹெப்பாள் மேம்பாலம் போன்ற இடங்களைத் தனியாகப் பாருங்கள். தவறும் உண்மைத் துண்டுகளை டேட்டாவிலிருந்து ஒதுக்கிவிடுவதே எளிது.

இப்போது அளவுகோலுக்கே தேர்வு வையுங்கள். உண்மைக் கிராஃப்களை எடுத்து, டிகிரி மாறாமல் எட்ஜ்களை இடம் மாற்றுங்கள்: முதலில் 1 சதவீதம், பிறகு 5, 10, 20. சிதைவு கூடக்கூட நல்ல அளவு சீராக ஏற வேண்டும். டிகிரி அளவு அசையவே அசையாது, அது எதிர்பார்த்ததே. நாற்கர அளவும் ஐகன் அளவும் ஏறவில்லை என்றால் சிக்மா தவறு. அதை இந்தக் கட்டத்தில் திருத்துங்கள். இதே சிதைந்த கிராஃப்களை ஒரு போட்டியாளராகவும் அட்டவணையில் வையுங்கள். முழுவதும் இடம் மாற்றியதைவிடச் சிறக்காத மாடல் எதையும் கற்கவில்லை.

இன்னொரு எண்ணும் தேவை: பயிற்சித் தொகுதிக்கும் சோதனைத் தொகுதிக்கும் உள்ள தூரம். இரண்டுமே உண்மையான தெருக்கள் என்பதால் இதுவே தரை. எம்எம்டி 0.004 வந்தது என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தரையைப்போல இரண்டு மடங்கு என்றால் புரியும்.

எந்த மாடல்

ஒரு கிராஃபின் நோடுகளுக்கு இயல்பான வரிசை கிடையாது. ஒன்பது நோடுகளை 3,62,880 விதமாக எண்ணிடலாம். எல்லாம் ஒரே கிராஃப். இருபது நோடுக்கு அது 2-க்குப் பின் 18 சுழியங்களைத் தாண்டும். எல்லா மாடல்களும் ஏதோ ஒரு விதத்தில் இதற்கு விடை சொல்ல முயல்பவையே.

ஒரு வழி, ஒரு வரிசையை நிர்ணயித்து, அதன்படி ஒவ்வொரு நோடாகக் கட்டுவது. கிராஃப்ஆர்என்என் அகலத் தேடல் வரிசையை (ஒரு நோடின் அண்டைகளையெல்லாம் தொட்ட பிறகே அப்பால் போவது) பயன்படுத்தியது. புதிய நோடு அண்மையில் வந்த சில நோடுகளோடு மட்டும் இணைந்தால் போதும் என்பதால் வேலை குறைந்தது. 2020-இல் ஐஐடி டெல்லியிலிருந்து வந்த கிராஃப்ஜென், கிராஃபை ஆழத் தேடலில் (ஒரு பாதையில் போக முடிந்தவரை போய்த் திரும்புவது) கிடைக்கும் பல குறியீடுகளாக மாற்றி, அவற்றுள் மிகச் சிறியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறியீடு ஒரு கிராஃபுக்கு ஒன்றே என்பதால் வரிசைக் குழப்பம் தீர்கிறது. நோடுக்கும் எட்ஜுக்கும் பல வகைகள் உள்ள டேட்டாவில் இது நன்றாகப் பொருந்தும்.

மற்ற வழி, எந்த வரிசையில் கொடுத்தாலும் அதே வரிசையில் விடை தரும் வலையைக் கொண்டு, இரைச்சலிலிருந்து முழுக் கிராஃபையும் ஒரே நேரத்தில் மீட்பது. பயிற்சியில் உண்மைக் கிராஃபைப் படிப்படியாகத் தற்செயலாகக் கலைப்பார்கள் (இரைச்சல் போடுவது), வலை அதை மீட்கக் கற்கும்; இதற்கு டிஃப்யூஷன் என்று பெயர். 2022-இல் வந்த டைகிரெஸ் இதைத் தனித்த வகைகளின் மேல் செய்தது: எட்ஜ் உண்டு, இல்லை என்பதைப் பின்னமாக்காமல், வகையாகவே கலைத்து, வகையாகவே மீட்டது. 100 நோடுக்குள் இருக்கும் நம் துண்டுகளுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். பல நூறு நோடுகளுக்கு மேல் போனால் எல்லா ஜோடிகளையும் தாங்குவது கட்டுப்படியாகாது. அங்கே முதல் வழியோ, சிறு கிராஃபைப் படிப்படியாக விரிக்கும் முறைகளோ மேல்.

இரைச்சலைச் சரியாகப் போடுவது

50 நோடு, 75 எட்ஜ் உள்ள துண்டில் 1,225 ஜோடிகள் உண்டு. எட்ஜ் உள்ளவை 6 சதவீதம் மட்டுமே. மூன்று எட்ஜ் நிலைகளுக்கும் சம வாய்ப்புத் தரும் இரைச்சலைப் போட்டால், கடைசியில் சுமார் 817 ஜோடிகளில் எட்ஜ் நிற்கும். அவ்வளவு அடர்ந்த ஒன்றிலிருந்து ஒல்லியான தெரு வலையை மீட்பது வீண் உழைப்பு. பயிற்சி டேட்டாவில் ஒவ்வொரு வகையும் எவ்வளவு விகிதத்தில் உள்ளதோ அதே விகிதத்தில் முடியும் இரைச்சலைப் போடுங்கள். இறுதி இரைச்சலிலும் 75-ஐ ஒட்டிய எட்ஜ்களே இருக்கும். இந்த ஒரு மாற்றம், வலையைப் பெரிதாக்குவதைவிட அதிகம் உதவும்.

படிகள் 500, இரைச்சல் ஏறும் வேகத்துக்குக் கோசைன் அட்டவணை. எல்லா ஜோடிகளையும் நோடுக்கு நோடு அட்டவணையாக வைத்தால், எட்ஜ் இரைச்சலை அதன் மேல் முக்கோணத்தில் மட்டும் எடுத்து, கீழே பிரதி எடுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுத்தால், இங்கிருந்து அங்கே தெரு உண்டு, அங்கிருந்து இங்கே இல்லை என்ற கிராஃப் பிறக்கும். நிரல் பிழை எதுவும் காட்டாது. மூலைவிட்டத்தை எப்போதும் ‘எட்ஜ் இல்லை’ என வையுங்கள். ஒரே பேட்சில் (சேர்த்து ஓட்டும் தொகுதி) சிறிய கிராஃப்களை நிரப்பச் சேர்த்த போலி நோடுகளை இரைச்சலிலும் லாஸிலும் (மாடலின் பிழையளவு) மாதிரி எடுப்பதிலும் மாஸ்க் செய்து மறையுங்கள். மூன்றில் ஒன்றை மறந்தாலும் மாடல் போலி நோடுகளைக் கற்கத் தொடங்கும்.

வலையும் கூடுதல் அம்சங்களும்

6 முதல் 8 அடுக்கு கிராஃப் டிரான்ஸ்ஃபார்மர், நோடுக்கு 256, எட்ஜுக்கு 64 பரிமாணம். வலையின் எடைகளைத் திருத்தும் ஆப்டிமைசர் ஆடம்-டபிள்யூ, கற்றல் வேகம் 0.0002. எட்ஜ் லாஸுக்கு நோடு லாஸைவிட 5 மடங்கு எடை. வலையின் எடைகளுக்கு 0.999 என்ற நகரும் சராசரியை வைத்துக்கொண்டு, மாதிரி எடுக்க அந்தச் சராசரியையே பயன்படுத்துங்கள்.

அண்டை நோடுகளின் தகவலைக் கூட்டிக் கற்கும் வலைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. ஓர் அறுகோணத்தையும் தனித்தனியான இரண்டு முக்கோணங்களையும் கொடுங்கள். இரண்டிலும் ஆறு நோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு எட்ஜ். அண்டையை மட்டும் பார்க்கும் வலைக்கு இரண்டும் ஒன்றே. பிளாக்குகளே தெருவின் உயிர் என்பதால், வளையம் தெரியாத வலையை வைத்து இங்கே எதுவும் செய்ய முடியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும், இரைச்சல் கலந்த கிராஃபிலிருந்து 3, 4, 5 நீள வளையங்களின் எண்ணிக்கை, கூறுகளின் எண்ணிக்கை, முதல் சில ஐகன் மதிப்புகளும் ஐகன்வெக்டர்களும் கணக்கிட்டு உள்ளீடாகச் சேருங்கள். ஐகன்வெக்டரின் கூட்டல் கழித்தல் குறி தற்செயலானது. பயிற்சியில் அதைத் தோராயமாக மாற்றிக்கொண்டே இருங்கள்.

வலை தயாரானதும் ஒரு சோதனை. டிராப்அவுட்டை (பயிற்சியில் வலையின் சில கூறுகளைத் தற்செயலாக அணைப்பது) நிறுத்தி, ஒரு கிராஃபையும் அதன் நோடுகளைக் குலுக்கிய பிரதியையும் கொடுங்கள். விடைகளும் அதே குலுக்கலில் வர வேண்டும். 32 பிட் கணக்கில் வேறுபாடு லட்சத்தில் ஒன்று அளவில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் எங்கோ நோடு எண் உள்ளே கசிகிறது. முழுச் சமச்சீரான கட்டத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அங்கே ஐகன் மதிப்புகள் ஒன்றோடொன்று சமமாகி, வெக்டர்கள் தன்னிச்சையாக மாறும். சோதனை காரணமில்லாமல் தோற்கும். இரைச்சல் கலந்த கிராஃபை எடுத்து, அதிலும் வெக்டர் உள்ளீட்டை அணைத்து முதலில் பாருங்கள்.

பயிற்சியில் எதைப் பார்ப்பது

துல்லிய விகிதத்தைப் பார்க்காதீர்கள். ‘எங்கும் எட்ஜ் இல்லை’ என்று சொல்லும் வெற்று மாடலுக்கும் 94 சதவீதம் வரும். லாஸைப் பாருங்கள், அதையும் படி எண் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பெரிய சாலை, சிறு தெரு வேறுபாட்டை விட்டுவிட்டு, எட்ஜ் உண்டா இல்லையா என்று மட்டும் கணக்கிட்டால், 6 சதவீத அடர்த்திக்கு டேட்டா விகிதத்தையே விடையாகச் சொல்லும் மாடலின் லாஸ் சுமார் 0.23. இரைச்சல் முழுதாக ஏறிய கடைசிப் படிகளில் நல்ல மாடலும் இதை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் அங்கே தகவலே இல்லை. நோடு எண்ணிக்கை தெரிவதால் சற்றுக் குறையலாம். முதல் படிகளில் சுழியத்தை நோக்கி இறங்க வேண்டும்.

கடைசிப் படிகளில் லாஸ் 0.1-க்கு இறங்கினால் மகிழ வேண்டாம். விடை கசிகிறது. பெரும்பாலும் வளைய எண்ணிக்கையையோ ஐகன் அம்சங்களையோ இரைச்சல் கலந்த கிராஃபுக்குப் பதிலாகச் சுத்தமான கிராஃபில் கணக்கிட்டிருப்பீர்கள். இந்தப் பிழை இருக்கும்போது பயிற்சி வரைகோடு அழகாக இறங்கும், மாதிரிகள் மட்டும் குப்பையாக வரும். படி வாரியாகப் பிரித்துப் பார்க்காதவர்கள் இதைத் தேடி வாரக்கணக்கில் அலைவார்கள்.

நினைவகக் கணக்கு: 32 கிராஃப் கொண்ட பேட்ச், மிகப் பெரியதில் 100 நோடு, எட்ஜுக்கு 64 பரிமாணம், எண்ணுக்கு 4 பைட். ஒரே ஒரு எட்ஜ் டென்சர் (எண் அட்டவணை) 82 எம்பி. அடுக்குக்குப் பத்து டென்சர் என்று வைத்தால் ஆறு அடுக்குக்கு ஏறக்குறைய 5 ஜிபி. நோடு எண்ணிக்கையை 200 ஆக்கினால் இது நான்கு மடங்கு, 20 ஜிபி. டி4 கார்டு தாங்காது. வேகத்தைவிட நினைவகம் முக்கியம் என்றது இதனால்தான். ஒத்த அளவுள்ள கிராஃப்களை ஒரே பேட்சில் சேர்த்தால் போலி நோடுகளுக்குச் செல்லும் நினைவகம் மிச்சமாகும்.

வீட்டில் ஓட்டுகிறவர்கள் மின்வெட்டை மனதில் வைத்து அரைமணிக்கு ஒருமுறை செக்பாயிண்ட் (அதுவரையான நிலையைச் சேமிக்கும் கோப்பு) எழுதுங்கள். எடைகள் மட்டும் போதாது. ஆப்டிமைசரின் நிலை, நகரும் சராசரி, தற்செயல் எண் விதை ஆகியவற்றையும் சேருங்கள். இவை இல்லாமல் மீண்டும் தொடங்கினால் லாஸ் குதித்து ஏறும். கல்லூரிக் கிளஸ்டரில் வரிசையில் நின்று நேரம் வாங்குகிறவர்களுக்கும் இதே விதி.

எந்தச் செக்பாயிண்டைத் தேர்ந்தெடுப்பது? லாஸ் தட்டையான பின்பும், விதிகளுக்கு உட்படும் கிராஃப்களின் விகிதம் நெடுநேரம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து, சரிபார்ப்புத் தொகுதியோடு உங்கள் அளவுகோலால் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். சோதனைத் தொகுதியைக் கடைசியில் ஒரே முறை மட்டும் திறக்க வேண்டும்.

மாதிரி எடுப்பது

நோடு எண்ணிக்கையைப் பயிற்சி டேட்டாவின் பரவலிலிருந்து எடுங்கள். பின்னோக்கிய ஒவ்வொரு படியிலும் வலை சுத்தமான கிராஃபை ஊகிக்கும். அந்த ஊகத்தின் எல்லா வகைகளுக்கும் எடையிட்டுக் கூட்டி, முந்தைய படியின் நிகழ்தகவைப் பெற வேண்டும். ஊகித்த உச்ச வகையை மட்டும் நேராக எடுத்துக்கொண்டால் பன்மை சுருங்கி, எல்லாத் துண்டும் ஒரே சாயலில் வரும். இந்தக் கணக்கை 32 பிட்டில் செய்யுங்கள். 16 பிட்டில் நிகழ்தகவுகள் சுழியத்தால் வகுபட்டு, எண்ணே அல்லாத விடையாகும். வகுக்கும் எண்ணோடு ஒரு மிகச் சிறிய எண்ணைக் கூட்டுவதும் வேண்டும்.

சோதனைத் தொகுதியில் எத்தனை கிராஃபோ அத்தனை கொண்ட ஐந்து தொகுதிகளையாவது உருவாக்கி, சராசரியையும் விலகலையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே தொகுதியின் எண்ணை வைத்து இரண்டு மாடல்களில் ஒன்றை வென்றதாக அறிவிக்கக் கூடாது.

272 கிராஃபில் பயின்ற மாடல் மனப்பாடம் செய்வது எளிது. உருவான ஒவ்வொன்றையும் பயிற்சிக் கிராஃப்களோடு ஒப்பிடுங்கள். முதலில் வைஸ்ஃபெய்லர்–லேமன் ஹாஷ் (அண்டைகளை வைத்துக் கிராஃபுக்குக் கணக்கிடும் அடையாளக் குறியீடு), நோடு வகைகளைச் சேர்த்து. ஹாஷ் வேறானால் கிராஃப்கள் நிச்சயம் வேறு. ஹாஷ் ஒன்றானால் அது முடிவல்ல, அறுகோணச் சிக்கல் இங்கேயும் உண்டு; அந்தச் சிலவற்றுக்கு மட்டும் முழு ஒப்புமைச் சோதனை நடத்துங்கள். எல்லாவற்றுக்கும் முழுச் சோதனை நடத்தினால் இரவு முழுக்க ஓடும்.

மூலக்கூறுக்கும் ஏரிக்கும் போகும்போது

மூலக்கூறுகளில் சரி–தவறை வேதியியலுக்கான ஆர்டிகிட் நூலகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பலரும், உருவானது துண்டுதுண்டாக இருந்தால் பெரிய துண்டை மட்டும் எடுத்துச் சரி என்று எண்ணிவிடுகிறார்கள். எத்தனை சதவீதம் உடைந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கியூஎம்9 டேட்டாவில் சுமார் 1,34,000 மூலக்கூறுகள் உள்ளன, ஹைட்ரஜன் தவிர்த்து ஒன்பது அணுக்கள் வரை. அது குறிப்பிட்ட கட்டுப்பாடுகளுக்குள் சாத்தியமானவற்றை முறையாகப் பட்டியலிட்டு வந்த தொகுப்பு. ஆகவே அதில் ‘புதுமை’ விகிதம் உயர்ந்தால், மாடல் அந்தக் கட்டுப்பாடுகளை மீறுகிறது என்றும் பொருள் கொள்ளலாம். அங்கே அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூரின் ஏரிச் சங்கிலி வேறு இயல்பு. ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி என்ற பள்ளத்தாக்குகள் வழியே, ராஜகாலுவே வாய்க்கால்களில், மேல் ஏரி நிரம்பிக் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போகும். அவற்றுள் ஒரு வழி மடிவாளா, அகரா, பெல்லந்தூர், வர்த்தூர் எனப் போய், தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று நாம் அழைக்கும் ஆற்றில் சேரும். இங்கே எட்ஜுக்குத் திசை உண்டு, வளையம் வரவே கூடாது. மேலே சொன்ன பிரதி எடுக்கும் படியை அப்படியே வைத்தால் தண்ணீர் மேட்டுக்கு ஏறும். டிஃப்யூஷனும் இங்கே தேவையில்லை. ஓர் ஏரி பெரும்பாலும் ஒரே ஏரிக்குத்தான் வழிகிறது என்பதால், எல்லா ஜோடிகளையும் கணிக்காமல், ஒவ்வொரு ஏரியும் தன்னைவிடத் தாழ்ந்த ஏரிகளில் ஒன்றையோ ஆற்றையோ தேர்ந்தெடுக்கும் மாடல் போதும். கடல்மட்ட உயரமே வரிசையைத் தந்துவிடுகிறது. வரிசைக் குழப்பமும் இல்லை, வளையமும் பிறக்காது. நீர்வடிகால், மரபுவழிக் கிளைகள், நிரலின் தொடரியல் மரம் போன்ற எதை எடுத்தாலும், இப்படி ஒரு இயல்பான வரிசை டேட்டாவிலேயே இருக்கிறதா என்று மாடலைத் தேர்ந்தெடுக்கும் முன் பாருங்கள்.